நூறு லிட்டர் தொட்டி

வீட்டுவண்டியில் இரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவ மூன்று டம்ளர் தண்ணீர் போதும். யாரும் நம்ப மாட்டார்கள். முதலில் தட்டைப் பழைய காகிதத்தால் துடைத்துவிட வேண்டும். பிறகு பூச்செடிக்குத் தெளிக்கிற பீய்ச்சுக் குப்பியில் சோப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு இரண்டு பீய்ச்சு, ஒரு தேய்ப்பு. அலசுவதற்குத்தான் அந்த மூன்று டம்ளர். மேடம், உங்கள் வீட்டிலும் ஒருநாள் செய்து பாருங்கள். மனதுக்கு அத்தனை சந்தோஷமாக இருக்கும்.

நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, "நடந்ததை உங்க கைப்படவே எழுதிக் கொடுங்க சார்" என்று சொன்னபோது எனக்குப் பிடித்திருந்தது. நான் எழுதிப் பழகியவன். குடிநீர் இலாகாவில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவன். குழாயடியில் எட்டிப் பார்த்தாலே அந்த வீட்டு மனிதர்களைப் பற்றிச் சொல்லிவிடுவேன். பல் தேய்க்கும்போது குழாயை மூடாதவர் ஒருவர் இருந்தால் அந்த வீட்டு மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓய்வு பெற்றதும் நான் எனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்த வண்டி. உள்ளே ஏறியதும் வலப்பக்கம் இரட்டை அடுப்பு, அதற்குக் கண்ணாடி மூடி. மூடியை இறக்கினால் அதுவே காய் நறுக்கும் மேடை. பக்கத்தில் சோற்றுப்பானை அளவுக்கு ஒரு சிங்க். அதன் குழாயை மடக்கி உள்ளே படுக்க வைக்கலாம். பின்னால் குளியலறை. துணி அலமாரியைவிடக் கொஞ்சம்தான் பெரிது, ஆனால் அதற்குள் கழிப்பறையும் உண்டு, ஷவரும் உண்டு. காஸில் ஓடுகிற வெந்நீர்க் கருவி ஒன்று இருக்கிறது. குழாய் திறந்திருக்கும்வரை தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வாங்கிய முதல் வாரம் நான் வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்தி உள்ளே போய்ப் போய்க் குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். "புதுப் பொண்டாட்டி வந்துட்டா, இனிமே நான் எதுக்கு?" என்றாள் என் மனைவி.

இருக்கைக்கு அடியில் நூறு லிட்டர் தொட்டி. குடிக்க, சமைக்க, கழுவ, குளிக்க எல்லாம் அதிலிருந்துதான். கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் போய்ச் சேர அடியில் இன்னொரு தொட்டி. என் இலாகாவில் கழித்துப்போட்ட சின்ன மீட்டர் ஒன்றைக் குழாயில் பொருத்தியிருந்தேன். நீங்கள் கேட்கிற அந்த சுவிட்ச் கதவுக்கு மேலே இருக்கிறது. அதை அணைத்தால் பம்ப், மின்விசிறி, குளிர்பெட்டி, விளக்கு எல்லாம் ஒரே நொடியில் அடங்கிவிடும். வண்டி ஓடுவதற்கான பேட்டரி வேறு, வீட்டுக்கான பேட்டரி வேறு. வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் இது தெரியும். சகலைக்குத் தெரியாது.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். பெரிய ஓட்டல் ஒன்றில் மேலாளராக இருந்தவர். ஆள் ஆறடி, குரல் ஏழடி. அவர் இருக்கிற இடத்தில் அடுத்தவன் பேச வாய்ப்பே கிடைக்காது, ஆனால் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அக்கா தங்கை இருவரும் ரயிலில் முன்னால் போய்விட்டார்கள், கடற்கரை ஊரில் ஒரு வீடு பேசி வைத்திருந்தோம். ஆண்கள் இருவரும் வண்டியில் வர வேண்டும், ஐந்தாம் நாள் அங்கே சேர வேண்டும், இதுதான் ஏற்பாடு.

மாமனார் வீட்டு விஷயத்தை என் மனைவி உங்களிடம் சொன்னதாகச் சொன்னீர்கள். உண்மைதான். அந்த வீட்டில் ஒரே ஒரு வெந்நீர்த் தவலை. பெரிய மாப்பிள்ளை முதலில் குளிப்பார். அவர் பாடி முடித்து வெளியே வரும்போது தவலையில் வெதுவெதுப்புகூட மிச்சம் இருக்காது. விசேஷம் என்று போன ஒவ்வொரு முறையும், இருபத்தெட்டு வருஷம், நான் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தேன். அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நான் அதை மறந்தே போய்விட்டேன்.

முதல் நாளே சகலை தன் கைவரிசையைக் காட்டினார். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு அந்த டம்ளரைக் கழுவ நாலரை லிட்டர். மீனை வாங்கிவந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே பொரித்தார், மெத்தையெல்லாம் மீன் வாசம். எண்ணெய்ச் சட்டியை அப்படியே சிங்க்கில் கவிழ்த்தார். ராத்திரியெல்லாம் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்ததாக அவர் கிண்டல் செய்தார், கொஞ்ச நேரம்தான் துடைத்தேன்.

இரண்டாம் நாள் பெட்ரோல் நிலையத்தில் தண்ணீர்த் தொட்டியை விளிம்புவரை நிரப்பினோம். கிளைச்சாலையில் திரும்பி அந்தப் பொட்டல்வெளிக்குச் சாயங்காலம் வந்து சேர்ந்தோம். திருப்பத்தில் ஒரு பலகை இருந்தது. காற்றாடி வைத்து இறைக்கிற கிணறு பதினொரு கிலோமீட்டர், கிணறு வறண்டுவிட்டது என்று எழுதியிருந்தது. சகலை அப்போது வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சமையலும் கழுவலும் சேர்த்து ஆறு லிட்டர்தான் ஆயிற்று, ஏனென்றால் நான்தான் கழுவினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் குளிக்கக் கிளம்பினார். நான் தெளிவாகச் சொன்னேன்.

"உடம்ப நனைங்க, குழாய மூடுங்க, சோப்புப் போடுங்க, திரும்பத் திறந்து அலசுங்க. ஆறு லிட்டர்ல முடிஞ்சிடும் சகலை."

"ஏன்யா, குளிக்கச் சொல்றியா, தீர்த்தம் தெளிச்சுக்கச் சொல்றியா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

குழாய் திறந்தது. பாட்டும் திறந்தது. நான் மீட்டருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். பல்லவிக்கு ஒன்பது லிட்டர். முதல் சரணத்துக்குப் பதினேழு. உடம்பெல்லாம் நுரையாக இருக்கும் என்று சத்தத்திலேயே தெரிந்தது. மூடவே இல்லை. எழுந்து போய்க் கதவுக்கு மேலே இருந்த சுவிட்சை அணைத்தேன். மணி பத்து இருபது. எத்தனை மணிக்கு அணைத்தேன் என்ற உங்கள் கேள்விக்கு இதுதான் பதில்.

பம்ப் நின்றது. பாட்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்ததே ஒரு சிரிப்பு, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் நாற்காலியில் மை தடவியபோதுகூட அப்படிச் சிரித்ததில்லை. தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். சகலைக்குச் சகலை இதுகூடச் செய்யக் கூடாதா? உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சகலை, தண்ணி நின்னுபோச்சு. சோப்பு கண்ணுல ஏறுதுய்யா, எதாவது பண்ணு."

"தொட்டி காலி சகலை. நான்தான் சொன்னேனே."

இரண்டு நிமிஷம் கழித்து சுவிட்சைப் போட்டுவிடுவதாகத்தான் இருந்தேன். அது சத்தியம். ஆனால் அவர் இடுப்பில் துண்டோடு, கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவி வெளியே வந்து, மேஜைமேல் இருந்த இரண்டு பாட்டில் குடிதண்ணீரையும் எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். அவசரத்துக்கென்று நாங்கள் தனியாக வாங்கி வைத்திருந்த குடிதண்ணீர். ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை. ஊற்றிவிட்டு, "அப்பாடா" என்றார். அந்த "அப்பாடா"தான் மேடம். அதற்குப் பிறகு சுவிட்ச் பக்கம் என் கை போகவில்லை.

மின்விசிறி ஓடாததை அப்போதுதான் கவனித்தார். "வண்டியே செத்துப்போச்சா?" என்று கேட்டார்.

"பார்த்தா அப்படித்தான் தெரியுது" என்றேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சாவியைத் திருப்புவதுபோல் மணிக்கட்டை மட்டும் இரண்டு தடவை திருப்பிக் காட்டினேன். அதற்கும் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தேன். கைப்பேசி அந்த இடத்தில் எடுக்காது. தூரத்தில் காற்றாடிக் கோபுரம் தெரிந்தது. சமவெளியில் எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத்தான் தெரியும்.

"அங்க தண்ணி இருக்குமா?"

"காத்தாடி வேற எதுக்கு வச்சிருக்காங்க? அரை மணி நேரம் நடந்தாப் போதும்."

"நீயும் வாயேன்."

"வண்டிய யாரு பார்த்துக்கிறது? நான் பேட்டரியப் பார்க்கிறேன், நீங்க போயிட்டு வாங்க."

சகலை கெட்டவர் இல்லை. நீலக் கேனை எடுத்துக்கொண்டு, வெள்ளைத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "நான் திரும்பி வர்றதுக்குள்ள அடுப்புல ஒலைய வச்சிடாதே, தண்ணியே இல்ல" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு இறங்கினார். காதோரம் சோப்பு நுரை இன்னும் இருந்தது. அதைச் சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை.

அவர் குண்டூசி அளவு ஆனதும் சுவிட்சைப் போட்டேன். பம்ப் ஒரு தும்மல் தும்மிவிட்டு ஓட ஆரம்பித்தது. அறுபத்தெட்டு லிட்டர் இருந்தது. மேடம், அந்த நேரத்தில் எனக்கு இருந்த உற்சாகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கால் தரையில் பாவவில்லை. அடுப்பைப் பற்றவைத்து சோறு வடித்தேன், நாலு முட்டை அவித்தேன். அவருக்கும் சேர்த்துத்தான். அவருடைய தட்டில் எடுத்துவைத்து மூடினேன், இரண்டு முட்டை, உப்பும் மிளகும் தூவி. கெட்ட எண்ணம் உள்ளவன் அதைச் செய்வானா? பாத்திரம் கழுவ மூன்று டம்ளர்.

நாலு மணி வாக்கில் சகலையின் தொலைநோக்கியை எடுத்துப் பார்த்தேன். பறவை பார்க்க என்று அவர் வாங்கி வந்தது. கோபுரத்துக்குப் போகாமல் பாதியிலேயே திரும்பிவிட்டார் போல. வண்டிக்கு இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். துண்டை அவிழ்த்துத் தலைக்குமேல் வீசினார். நானும் கதவைத் திறந்து நின்று கையை வீசினேன். டாட்டா காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு உட்கார்ந்தார். கேனைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் துண்டு அசைந்தது.

வண்டியை எடுத்திருந்தால் ஐந்து நிமிஷம். நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். வண்டியின் கையேட்டில் எழுதியிருக்கிறது, இளகிய மண்ணில் இறக்கக் கூடாது என்று. நான் எதையும் எழுதியிருக்கிறபடி செய்கிறவன். தண்ணீர் எடுத்துக்கொண்டு நடந்து போயிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். போயிருக்கலாம். ஆனால் அவர் தன் பங்கை ஏற்கெனவே குளித்துத் தீர்த்துவிட்டாரே. இருபத்தாறு லிட்டர், அதோடு இரண்டு பாட்டில். மிச்சம் இருந்தது என் பங்கு. எனக்கு இதில் குழப்பம் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை நானே வண்டியை ஓட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னேன். சாவியைத் திருப்பியதும் ஒரே தடவையில் கிளம்பியது. சகலை தண்ணீர் தேடிப் போனார், வண்டியில் தண்ணீர் இல்லை என்றேன். உங்கள் ஆட்கள் தொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆமாம் காலி என்றார்கள். நீங்கள் மட்டும்தான் குனிந்து, கீழே இருக்கிற கழிவுத் தொட்டியைத் திறந்து பார்த்தீர்கள். அது நிரம்பி வழிந்தது, மேலே நுரை. இலாகாவில் இருந்திருந்தால் உங்களை எனக்கு மேலதிகாரியாக வைத்திருப்பார்கள்.

ஒரே ஒரு கேள்விதான் பாக்கி வைத்திருக்கிறீர்கள், அந்த அறுபத்தெட்டு லிட்டர் எங்கே போனது என்று. சோற்றுக்கும் முட்டைக்கும் பாத்திரத்துக்கும் நாலு லிட்டர். துண்டு அசைவது நின்றபிறகு நான் தொலைநோக்கியை உறையில் போட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மிச்சம் எல்லாவற்றிலும் குளித்தேன். நடுவில் ஒரு தடவைகூடக் குழாயை மூடவில்லை. எனக்குப் பாட வராது, ஆனாலும் அவர் சரணத்தில் விட்ட இடத்திலிருந்து பாடி முடித்தேன். எந்தப் பழைய கணக்கையும் மனதில் வைத்து நான் இதைச் செய்யவில்லை மேடம், அதை மட்டும் தெளிவாக எழுதிவிடுகிறேன். கடைசிச் சொட்டுவரை தண்ணீர் நல்ல சூடாக இருந்தது.