முதலில் வந்தவரின் இடம்

வரிசை காத்த வல்லமையே! வளைந்து கொடுக்காத வைராக்கியமே! சுடர்விழி கண் மருத்துவமனையின் கணினிப் பிரிவிலிருந்து இன்று பணி நிறைவு பெறும் எங்கள் திரிபுரசுந்தரி அம்மையாரே! வணக்கம்.

உங்கள் பொறுமையைப் புகழ்ந்து மேலிடம் ஒரு மடல் எழுதித் தந்தது. அதை நாங்கள் வாசிக்கப் போவதில்லை. கூடியிருப்போர் அறிய, நடந்ததைச் சொல்கிறோம்.

இலவச அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஒரே ஆள் பல இடங்களில் இருந்தார். மேலாளர் அனந்தகிருஷ்ணன் வந்தார். "சிம்பிள் மேடம். ஒருத்தருக்கு ஒரு என்ட்ரி. கடைசியா பதிஞ்சதை வெச்சுக்கிட்டு மீதியை டெலீட் பண்ணுங்க. லேட்டஸ்ட் டேட்டாதானே கரெக்ட்?"

வெளியே, அந்தப் பட்டியலில் இருந்த பொத்தேரி முனியம்மாவின் குரல் கேட்டது. "இன்னாம்மா இது? தேதி கேக்க வந்தா, மறுபடி பேரை எய்திக்கினு அனுப்புறீங்க. செவுத்தைத் தடவிக்கினுதான் கீறேன்!"

திரிபுரசுந்தரி முனியம்மாவின் பதிவுகளைத் திரையில் எடுத்துப் பார்த்தார். வரும்போதெல்லாம் புதிதாகப் பதிந்தது வரவேற்பு மேசையின் பிழை. கடைசிப் பதிவை மட்டும் வைத்தால், முன்னால் நிற்கும் முனியம்மா கடைசிக்குப் போவார். அதிகம் அலைந்தவர்தான் அதிகம் பின்தங்குவார். கணினி நிரலில் அது ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுத அவர் கை மறுத்தது.

"போன் நம்பர் கடைசியா குடுத்ததை எடுத்துக்கலாம் சார். இடம் மட்டும் முதல்ல பதிஞ்சதுதான். அப்படித்தான் எழுதுவேன்."

"உங்க ப்ரொமோஷன் ஃபைல் என் டேபிள்ல இருக்கு மேடம்."

"இருக்கட்டும் சார். தூசி படாம பாத்துக்குங்க."

முனியம்மாவின் இடம் அசையவில்லை. மேடத்தின் கோப்பும் அசையவில்லை. சேர்ந்த பதவியிலேயே ஓய்வு பெறுகிறார். முனியம்மாவோ இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்து, யாரும் கைபிடிக்காமல் தானே நடந்து வந்த பெருமையில், எங்கள் எல்லோரையும் எடைபோட்டுக்கொண்டிருக்கிறார்.

அம்மையாரே! உங்கள் தாம்பரம் இல்லத்தில் நோயின்றி, கண்ணொளி குன்றாமல் நெடுங்காலம் வாழ்க! மேலிடம் தராத உயர்வை நாங்கள் தருகிறோம். அதைத் திரும்பப் பெற எவராலும் இயலாது.

திங்கட்கிழமை புதிய மென்பொருள் வருகிறது. அதில் கடைசிப் பதிவுதான் நிற்குமாம். ஒப்புதலுக்கு எங்கள் கையெழுத்தைக் கேட்டிருக்கிறார்கள். மேலாளர் எதிரில் இருக்கும்போதே சொல்கிறோம்: எங்கள் கையெழுத்து இந்த மடலுக்கு மட்டுமே.

பணியில் சேர்ந்த வரிசைப்படி,
ஹில்டா, துரை, ரவி, ஓவியா
கணினிப் பிரிவு