ஐந்தாம் நாள் திறந்த உறை

திருவேங்கடத்துத் தானியக் கிட்டங்கியில் மேலாளராக இருந்தபோது செய்யாத தப்புக்கு ஒரு காவலாளியை வேலையிலிருந்து அனுப்பினேன். தப்பைச் செய்தது நான்.

உளுந்து மூட்டைகளைக் காற்றுப் புகாத உறையால் மூடி, உள்ளே கரியமில வாயுவை நிரப்புவோம். பத்து நாளுக்கு மேல் திறக்காமல் இருந்தால்தான் முட்டையோடு வண்டு சாகும். லாரி வந்து நின்ற அவசரத்தில் ஐந்தாம் நாளே திறந்துவிட்டேன். உளுந்து போன இடத்தில் வண்டு பொரித்தது. காவலாளி திறந்துவிட்டதாக அறிக்கை எழுதினேன். அவர் இறந்த பிறகு, போன மாதம்தான் அவர் மனைவிக்கு உண்மையை எழுதி அனுப்பினேன்.

நேற்று குற்றாலம் பேருந்தில் முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"வண்டு செத்துச்சான்னு பாக்கப் போயி எங்கப்பா வேலைய விட்டாவ, மைனி."

"வண்டுக்கு நாடி பாத்தாவளாக்கும்?"

"சிரிக்காதிய. சாவுத வரைக்கும் 'நான் தொடல'ன்னுதான் சொன்னாவ. அம்மையே நம்பல. இப்ப அந்த மேனேசரு, தான்தான் தொறந்தேன்னு லெட்டர் போட்டிருக்காரு."

"அம்மை என்ன சொல்லுதா?"

"'அன்னைக்குப் போலீசுக்குப் போகாம விட்ட மவராசன், செத்தவரு பழியையும் தானே ஏத்துக்கிடுதாரு'ன்னு அழுதா."

"நீ நம்புதியா?"

"எழுத்து முத்து முத்தா இருக்கு மைனி. தப்புப் பண்ணுன ஆளு அப்படி எழுதுவாரா?"

குற்றாலத்தில் இருவரும் இறங்கிப் போனார்கள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.