தொரைக்கும் ஒரு பொன்னாடை

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ். விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்றபோது, எனக்கு முன்சீட்டில் இருந்தவர் மடியிலிருந்த பையைத் தட்டிச் சொன்னார்:

"கலகத்துல செத்த தொரைக்கு ஒண்ணு, அவரை வெட்டுனவரோட கொள்ளுப்பேரனுக்கு ஒண்ணு. ரெண்டு பொன்னாடை, டீச்சர்."

அவர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் என்பது அதற்குள் பாதி பஸ்ஸுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு சத்தம்.

பக்கத்திலிருந்த டீச்சரும் சங்கம்தான் போல. "தொரைக்கு எதுக்கு சார்? நாளைக்கு விழாவே வெள்ளைக்காரனை எதிர்த்து நின்னவருக்குத்தானே?"

"அந்தக் கொள்ளுப்பேரன்தான் தொரை சமாதிக்குப் பூசாரி. வெட்டுன பாவம் குடும்பத்தைப் புடிக்கக் கூடாதுன்னு அப்பலேர்ந்து படையல் போட்டுக்கினு வர்றாங்க. மொதல்ல தொரை சாமிக்குப் போர்த்துங்க, அப்புறம்தான் எனக்குன்னுட்டாரு."

"நோட்டீஸ்ல 'வெள்ளையனே வெளியேறு'ன்னு போட்டுட்டோமே?"

"அதையும் கேட்டேன். தாராளமா கத்துங்க, ஆனா ஆடி வரைக்கும் ஜனங்க வேண்டுதல் நிக்குது, அதுவரைக்கும் தொரைய வெளிய அனுப்ப முடியாதுன்றாரு."

டீச்சர் பைக்குள் எட்டிப் பார்த்தார். "சுருட்டு வேறயா? இதுவும் பூசாரி கேட்டதா?"

முதல் முறையாகச் செயலாளர் குரலைத் தாழ்த்தினார். நான் கொஞ்சம் முன்னால் சாய வேண்டியிருந்தது.

"இல்ல டீச்சர், அது நம்ம தலைவரு வேண்டுதல். நாளைக்குத் தொரையத் திட்டி ஒரு மணி நேரம் பேசணும், தொண்டை கட்டாம நீதாம்பா பாத்துக்கணும்னு தொரைகிட்டயே வேண்டிக்கினாரு."