எடுபடாதவர்களுக்கு ஒரு பட்ஜ்

பிள்ளைகளே, இன்று ஷாஃப்ஹவுசனிலிருந்து வரும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு தாயும் பத்தொன்பது வயது மகனும் இருந்தார்கள். ஆஸ்துமா இருப்பதால் சுவிஸ் இராணுவம் அவனை வேண்டாமென்று அனுப்பியிருந்தது.

“முதலாம் உலகப்போரில, சேரப் போய் எடுபடாத ஆக்களுக்குச் சில நாடுகளில சட்டையில குத்துற பட்ஜ் குடுத்தவையாம், அம்மா. றோட்டில ஒருத்தரும் பயந்தாங்கொள்ளி எண்டு சொல்லாமலிருக்க.”

“உனக்கேன் அது?”

“வேலையிடத்தில பகிடி பண்ணுறாங்கள். நான் உண்மையா விரும்பித்தான் போனனான்.”



“உன்னை எடுக்கக் கூடாதெண்டு நான் முருகனுக்குப் பதினொரு தேங்காய் நேர்ந்தனான்.”

“அப்ப பிழை என்ர நெஞ்சில இல்லை, உங்கட தேங்காயிலதான்.”

“ஓம். கிட்ட வா.” தன் சால்வையில் குத்தியிருந்த மயில் புறோச்சைக் கழற்றி அவன் கோட்டில் குத்தினார். “ஆரும் கேட்டா, நான் போனனான், அம்மாதான் விடேல்லை எண்டு சொல்லு.”

“இது பொம்பிளையள் குத்துறது, அம்மா.”

ஆனாலும் ஓர்லிகோன் நிலையத்தில் அதைக் கழற்றாமலே சிரித்துக்கொண்டு இறங்கினான்.

நான் வந்தபோது வீட்டில் நீங்கள் ஒருவரும் இல்லை. உதைபந்தாட்டக் குழுவில் எடுபடாத அன்று சின்னவன் அலுமாரிக்குள் சுருட்டி எறிந்த பயிற்சிச் சட்டையை எடுத்து, அயன் பண்ணி, அவன் அறைக் கதவில் தொங்கவிட்டேன்.