இந்துஜா மார்க்

பூவனநாதன்: ...அவன் அமெரிக்காவுல உக்காந்திருக்கான். வரி மட்டும் கோவில்பட்டியில நாம கெட்டணுமாம்.

ராமலட்சுமி: அவன் வெப்சைட்டுக்கு அவன்தானங்க கெட்டணும்?

பூவனநாதன்: நானும் ஆடிட்டர்ட்ட அதைத்தான் கேட்டேன். அவனுக்கு இங்கன ஆபீஸ் கிடையாதுல்லா, யார்ட்ட போய்க் கேப்பாங்க? அவன்ட்ட எடம் பிடிச்சுப் பழைய தீப்பெட்டி லேபிள் விக்குதவன் நான். அவனுக்குக் குடுக்குத வாடகைக்குச் சேவை வரி என் தலையில. ரெண்டாயிரத்தி ஆறுல இருந்தே சட்டமாம்.

ராமலட்சுமி: சின்ன யாவாரத்துக்கு விலக்கு உண்டும்பாங்களே...

பூவனநாதன்: வெளிநாட்டுச் சேவைக்கு அது செல்லாதாம். ரெண்டு வருசத்துக்கும் சேத்து நோட்டீஸ்.

ராமலட்சுமி: கெட்டிருங்க.

பூவனநாதன்: கெட்டத்தான் போறேன். இதோட அந்தக் கடையை மூடிருங்காரு ஆடிட்டர். இந்தா, மூடியாச்சுன்னு வரி ஆபீசுக்கு லெட்டரே அடிச்சுக் குடுத்துட்டாரு. அக்கா மகன் செண்பகராஜ் வந்து வெப்சைட்டுல நம்ம பக்கத்தை அழிச்சாப் போதும்.

ராமலட்சுமி: அவன் செவ்வாக்கிழமைதான் வருவான். அன்னைக்கு நீங்க வாராவாரம் கயத்தாறு போயிருவியளே.

பூவனநாதன்: ...வேற நாள் வரச் சொல்லுதேன்.

ராமலட்சுமி: மூட வேண்டாம்.

பூவனநாதன்: ஏட்டி, லேபிள் சேக்குத வெளிநாட்டுக்காரன் ஒருத்தன்கூட எட்டு மாசமா ஒண்ணும் வாங்கலை. ஓடாத கடைக்கு வாடகை, அந்த வாடகைக்கு ஒரு வரி. என்னத்துக்கு?

ராமலட்சுமி: ஜெர்மனிக்காரர் மயில் லேபிள் கேட்டாரே.

பூவனநாதன்: நீ எப்ப இருந்து ஏற்றுமதி முதலாளி ஆன?

ராமலட்சுமி: வித்த லேபிள் எல்லாம் அந்தப் பக்கத்துல படமா நிக்குல்லா. மூடினா அதுவும் போயிருமா?

பூவனநாதன்: போயிரும்.

ராமலட்சுமி: நம்ம பிள்ள படமும்?

பூவனநாதன்: அதுவுந்தான்.

ராமலட்சுமி: இந்துஜாவுக்கு நாலு வயசுல ஸ்டூடியோவுல எடுத்த போட்டோ. அதைப் போட்டுத்தான நம்ம தீப்பெட்டிக்கு இந்துஜா மார்க்னு லேபிள் அடிச்சிய. ஏழு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டுக்கட்டாக் கெடந்த லேபிளை எல்லாம் எரிச்சிய. வீட்டுல இருந்த போட்டோவையும் விடலை.

பூவனநாதன்: ஒட்டுத பொம்பளைங்க கையில, பசையோட அவ மூஞ்சி... என்னால பாக்க முடியலட்டி.

ராமலட்சுமி: எனக்கும் இல்லாம ஆக்கிட்டிய. பழைய கட்டுல தப்பிக் கெடந்த ஒண்ணைச் செண்பகராஜ் தெரியாம அந்தப் பக்கத்துல ஏத்தி வித்துட்டான். அன்னைக்கு அவனை அறைஞ்சிய. படத்தை எடுலேன்னு மட்டும் ஏன் சொல்லலை?

பூவனநாதன்: மறந்துட்டேன்.

ராமலட்சுமி: சரி.

பூவனநாதன்: எத்தனை தடவை பாத்தாங்கன்னு படத்துக்குக் கீழயே போட்டிருக்கும். இருநூத்திப் பத்து. எல்லாம் வெள்ளைக்காரன். அது யாரு பிள்ளைன்னு அவனுக்குத் தெரியுமா? அவன் பாக்கவா நாம வரி கெட்டணும்?

ராமலட்சுமி: வெள்ளைக்காரன் இல்ல.

பூவனநாதன்: பொறவு?

ராமலட்சுமி: வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போவேன்லா... வார வழியில பிரவுசிங் சென்டர். அங்கன இருக்க பொண்ணு எடுத்துக் காட்டும். அரை மணி நேரம் பாத்துட்டு வந்துருவேன்.

பூவனநாதன்: எத்தனை நாளா?

ராமலட்சுமி: ரெண்டு வருசமா. கோவப்படாதீங்க. வீட்டுக்கு ஒண்ணும் கொண்டு வரலை. ஆனா வாரத்துக்கு ஒருக்கத்தான் போனேன். நூறு தடவைதான் வரும். மிச்சம் நூறு யாரு பாத்ததுன்னுதான் தெரியலை...

பூவனநாதன்: அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுரு. பக்கம் இல்லாமப் போனாத்தான் நானும் பாக்குததை விடுவேன்னு நெனச்சேன்... கயத்தாறுக்குன்னு சொல்லிட்டுச் செவ்வாக்கிழமை நான் அங்கனதான் போவேன்.