வெனிலாவின் மேல் போட்ட பழி

வெனிலா எசன்ஸால் யாருக்கும் ஒரு கெடுதலும் கிடையாது, ஃபாதர். அதைச் சொல்லத்தான் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் ஆறு பேர் நிற்கிறார்கள். சுருக்கமாகவே முடித்துவிடுகிறேன்.

என் தம்பி சிரிலைத்தான் உங்களுக்குத் தெரியுமே. அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் நான். வளர்த்து, படிக்க வைத்து, கடைசியில் தாரணி என்கிற மகாராணியிடம் ஒப்படைத்தேன். அவளுக்கு நம்ம லிங்கராஜபுரம் பிடிக்கவில்லை. ஊரின் மறுகோடியில், ஹெப்பகோடியில் ஃபிளாட் பார்த்தாள். இரண்டு படுக்கையறை. ஒன்று அவர்களுக்கு, இன்னொன்று விருந்தாளிக்கு. நான்தான் அந்த விருந்தாளியாம். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

அந்த நேரம் பார்த்து சிரிலுக்கு வயிற்றுக் கோளாறு. குடலில் புளித்து வாயு கட்டுகிற எதையும் தொடக் கூடாதென்று டயட்டீஷியன் ஸ்னேஹா ஒரு பட்டியல் கொடுத்தாள். வெங்காயம், பூண்டு, கோதுமை எல்லாம் போச்சு. ஆகும் என்கிற பட்டியலில் காபி உண்டு. எதற்கு வம்பென்று அதையும் நானே நிறுத்தி வைத்தேன். பத்தே நாளில் பையன் தேறிவிட்டான். குடிபோகுமுன் புது ஃபிளாட்டை மந்திரிக்க உங்களைக்கூடக் கூப்பிட்டார்களே.

அந்தச் சந்தோஷத்தில் தாரணி அரிசி மாவில் கேக் செய்யக் கிளம்பினாள். "அக்கா, வெனிலா எசன்ஸ் ஆகும், ஆகாது ரெண்டு லிஸ்ட்லயும் இல்ல. போடலாமான்னு ஸ்னேஹாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா? எனக்கு மீட்டிங் இருக்கு" என்றாள். மகாராணிக்கு மீட்டிங். நான் ஃபோன் செய்தேன்.

"தாராளமா போடுங்க மேடம். ஒரு ஸ்பூன் வெனிலா என்ன பண்ணிடும்? சிக்கரி கலந்த காபிதான் ஆகவே ஆகாது. அதை மட்டும் கண்ணுல காட்டாதீங்க" என்றாள் ஸ்னேஹா.

தாரணியிடம் போடலாம் என்றே சொன்னேன். பிறகு கோவிந்தப்பா கடைக்குப் போய், பாதிக்குப் பாதி சிக்கரி போட்டுக் காபித்தூள் அரைத்துக்கொண்டேன். "ஏனக்கா, இது காபியா கஷாயமா?" என்று அவர் சிரித்தார். சிரிலுக்குக் கெட்டிக் காபி என்றால் உயிர், ஃபாதர். பத்து நாள் வாய் செத்துக் கிடந்த பிள்ளை.

கேக்கும் சாப்பிட்டான், காபியும் மூன்று வேளை குடித்தான். மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். "வெனிலா ஆகாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சுடா. நான் சொன்னா உன் பொண்டாட்டி எங்க கேக்கறா?" என்றேன்.

"நீங்கதானேக்கா போடலாம்னு சொன்னீங்க" என்று தாரணி அழுதாள். நான் மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் யாரை நம்புவான்? ஒரு வாரத்தில் அவள் மட்டும் ஹெப்பகோடிக்குப் போய்விட்டாள். விருந்தாளி அறையில் யார் படுக்கிறார்களோ.

நாலு மாதமாக வீட்டில் கேக் வாசனையே இல்லை. இருந்தும் அறுபத்தெட்டு கிலோ இருந்தவன் நாற்பத்தொன்பதுக்கு வந்துவிட்டான். வேலையும் போய்விட்டது. என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "நீ போடற காபி ஒண்ணுதான்க்கா எனக்கு ஆறுதல்" என்கிறான். அதைப் போய் நிறுத்த நான் என்ன கல்நெஞ்சக்காரியா?

ஆக, நான் செய்த பாவம் அந்தப் பொய் ஒன்றுதான். அபராதத்தைச் சீக்கிரம் சொல்லுங்கள், ஃபாதர். நாலு மணிக்கு அவனுக்குக் காபி கலக்க வேண்டும்.