நாலு வெள்ளை ஞாயிறு

அக்கா: அதை எடுக்காத, வரிசை கலைஞ்சிரும்!

தம்பி: எது வரிசை? என் கட்டில் எங்க? வீடு பூரா துண்டுத் துணி.

அக்கா: துண்டுத் துணியா? வாய்க்கால் துணிடா. ஆறு வீடு, பதினாறு ஞாயிறு, மொத்தம் தொண்ணூத்தாறு. நாளைக்குக் காலையில நகராட்சி ஆபீஸ் வாசல்ல ஒரே திரையாத் தொங்கணும், அதுதான் தெருவோட புகார்.

தம்பி: எல்லாம் அந்த ஓவியக்காரம்மா யோசனை...

அக்கா: யோசனை அவங்களது. துணி தெருவோடது. தலையணை உறை, பள்ளிக்கூடச் சட்டை, நர்ஸம்மாவோட பழைய கோட்டு... எல்லாம் வெள்ளை. ஞாயிறு ஆறு மணிக்கு வாய்க்கால்ல கட்டிவிட்டு, பத்து மணிக்கு எடுக்கணும். அது என் பொறுப்பு. அவங்க ஒரு கோடுகூட வரையல. வாய்க்காலே வரையட்டும்னுட்டாங்க.

தம்பி: பெயிண்ட் செலவு மிச்சம்.

அக்கா: கிண்டல் பண்ணாத. பன்னெண்டு வாரம் சிவப்பு, ஊதா, கறுப்பு. உங்க சாயப்பட்டறை விடுற தண்ணி அப்படியே தெரியுது. கடைசி நாலு வாரத்தைப் பாரு...

தம்பி: வெள்ளை.

அக்கா: எப்படிடா? மத்த நாளெல்லாம் கலராத்தான் ஓடுது. ஞாயிறு காலையில மட்டும் பளிங்கு மாதிரி. யோசிச்சு யோசிச்சு மண்டை காயுது.

தம்பி: மழை கிழை பெஞ்சு...

அக்கா: எங்க பெஞ்சுது?

தம்பி: அப்ப... தெரியலக்கா.

அக்கா: தெருவுக்குத் தெரிஞ்சுபோச்சாம். துணியைக் கட்டுறது, எடுக்குறது, காயவெக்கிறது எல்லாம் டெய்லரக்கா, அதான் நான். தம்பி சாயப்பட்டறையில. அவன் வேலை போயிடக்கூடாதுன்னு கலரை வெளுத்துட்டாளாம்.

தம்பி: எவன் சொன்னான்?

அக்கா: எவன்னு சொல்ல? எதிர்வீட்டு அத்தை பேச்சையே நிறுத்திட்டாங்க. ஓவியக்காரம்மா என் முகத்தைப் பாக்காம துணியை மட்டும் பாத்துட்டுப் போறாங்க. பதினாறு வாரம் அவங்களோடயே நின்னேண்டா... அழுகையா வருது.

தம்பி: அழாதக்கா... ஆமா, இது என்ன? இந்த நாலும் ஊதாவா இருக்கு?

அக்கா: அதைக் கீழ வை.

தம்பி: கடைசி நாலு வாரத் தேதி... நம்ம வீட்டுத் துணி!

அக்கா: கலராச்சு. அவ்வளவுதான்.

தம்பி: அஞ்சு வீடு வெள்ளை, நமக்கு மட்டும் ஊதாவா? ஒரே வாய்க்கால்தானே?

அக்கா: அது... ஒரு மூலையில கட்டினேன். தேங்கின தண்ணி.

தம்பி: மூலையாவது ஒண்ணாவது! அந்த நாலு ஞாயிறும் கலர் வந்திருக்கவே முடியாது.

அக்கா: ஏன் முடியாது?

தம்பி: சும்மா... சொன்னேன்.

அக்கா: சும்மா சொல்ற முகமா இது?

தம்பி: வால்வை நான்தான் மூடினேன்.

அக்கா: எந்த வால்வு?

தம்பி: கழிவுத் தண்ணி வாய்க்காலுக்குப் போற வால்வு. ஞாயிறு காலை ஷிப்ட் என்னுது. பத்து மணி வரைக்கும் தொட்டியில தேக்கிவெச்சுட்டு, அப்புறம் திறந்துவிட்டேன்.

அக்கா: முதலாளி சொன்னாரா?

தம்பி: அவருக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வேலையைவிட்டுத் தூக்கியிருப்பாரு. உன் காலைப் பாத்தேன்க்கா. அந்தத் தண்ணியில நின்னு நின்னு கொப்புளம்... செருப்புகூடப் போட முடியல உன்னால. மனசு கேக்கல.

அக்கா: அடப்பாவி... எனக்காகவா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

தம்பி: சொன்னா விடுவியா? திறடான்னு நிப்ப.

அக்கா: நிப்பேன்தான்! வெள்ளையைப் பாத்ததும் வாய்க்கால் சுத்தமாயிடுச்சுன்னு அதிகாரிங்க எழுதிட்டுப் போயிருவாங்களே... உன்னைத் திட்டுறதா, கட்டிப்பிடிச்சு அழுறதா, ஒண்ணும் புரியலடா.

தம்பி: இரு, இரு... வால்வு திறந்திருந்த பன்னெண்டு வாரம் கலர். மூடின நாலு வாரம் வெள்ளை. இதைவிட என்ன சாட்சி வேணும்? நாளைக்குத் திரைக்கு முன்னாடி நின்னு நானே சொல்லிடுறேன்.

அக்கா: வேலை போயிடும்டா.

தம்பி: போகட்டும். உன் பேர் கெடுறதுக்கு அது தேவலை. ஆனா நம்ம துணி நாலும் இடிக்குதே... இதைப் பாத்தா என்னை யாரு நம்புவா? நிஜத்தைச் சொல்லு, எப்படி ஊதாவாச்சு?

அக்கா: நான் வெளுத்துட்டேன்னு தெரு பேசினதும் பயந்துட்டேன்டா... சாயம் படிஞ்ச உன் வேலை பேண்ட்டை ஊறவெச்ச தண்ணியில வெள்ளை எல்லாத்தையும் முக்கிடலாம்னுதான் ஆரம்பிச்சேன். நம்ம துணி நாலோட கை நின்னுபோச்சு... மத்தவங்க துணியில பொய் ஏத்த மனசு வரல.